பரிசு வேறு, கூலி வேறு



போன மாதம் நம் கிளைத் தம்பி ஒருவர் வேலை செய்யும் கோப்பிக் கடைக்குப் போயிருந்தேன். நாம் வழக்கமாக ரொட்டியும் கோப்பி ஓவும் சாப்பிடும் கடை மாதிரி இல்லை. தூளைத் தராசில் எடை போட்டு, கைப்பேசியில் நேரம் பார்த்து, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக் குடுவையில் இறக்கும் கடை.

"அண்ணே, இன்னிக்கு இதக் குடிச்சுப் பாருங்க. கொலம்பியா, உயிலா. போட்டியில பரிசு வாங்குன தோட்டம். சீனி கேட்டீங்கன்னா எனக்குக் கோபம் வரும்" என்றார்.

விலை 18 ரிங்கிட். வாய் திறந்து எதுவும் சொல்லாமல் கொடுத்தேன். பையை வாங்கிப் படித்துப் பார்த்தேன். விவசாயியின் பெயர் இருந்தது. ஊர்ப் பெயர் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் என்று இருந்தது. செடியின் வகை, பழத்தைப் பதப்படுத்திய முறை, ருசிக்குக் கிடைத்த புள்ளி எல்லாமே இருந்தன. முதல் மடக்கு நாக்கைச் சுருக்கென்று புளித்தது. கொஞ்சம் ஆறியதும் கருப்பட்டி மாதிரி ஓர் இனிப்பு வந்தது. நல்ல கோப்பிதான், மறுக்க முடியாது.

கோப்பியைவிட எனக்கு அதிகம் பிடித்தது என் மனநிலை. எங்கேயோ மலையில் பாடுபடும் ஒரு சிறு விவசாயிக்கு நான் கைகொடுத்துவிட்டேன் என்று ஒரு நிறைவு. வீட்டுக்கு வரும் வழியில்தான் பாட்டி வீட்டுச் சுவர்க் கடிகாரம் நினைவுக்கு வந்தது. நிறைவு ஆட்டம் கண்டது. அந்தக் கடிகாரத்தின் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் உயிலாவுக்குப் போவோம்.

மலையும் மனிதர்களும்

கொலம்பியாவின் தெற்கில், ஆண்டீஸ் மலைத்தொடர் கிளை பிரியும் இடத்தில் இருக்கிறது உயிலா மாநிலம். அந்த நாட்டின் பெரிய ஆறான மக்தலேனா இந்த மலைகளில்தான் பிறக்கிறது. பிட்டாலிட்டோ, அசெவேதோ, சான் அகுஸ்தீன் போன்ற ஊர்களைச் சுற்றிய சரிவுகள் முழுக்கக் கோப்பிச் செடிகள். அண்மைய ஆண்டுகளில் கொலம்பியாவிலேயே மிக அதிகமாகக் கோப்பி விளைவிக்கும் மாநிலம் இதுதான். ஆனால் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டம் போல் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். கொலம்பியாவில் 5 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் கோப்பி பயிரிடுகின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இருப்பது 5 எக்டருக்கும் குறைவான நிலம்.

உயரம் கூடக் கூடக் குளிர் கூடும். குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும். மெதுவாகப் பழுத்த கொட்டை கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். அது இயற்கை கொடுக்கும் பங்கு. மற்றதெல்லாம் மனிதர் கை. ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பழங்கள் கலந்து நிற்கும். சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும். அன்றைக்கே தோல் நீக்க வேண்டும். தொட்டியில் ஊற வைத்துப் புளிக்க விட வேண்டும். சில மணி நேரம் கூடிவிட்டாலும் வாடை மாறிவிடும். கழுவி, கூரை போட்ட களத்தில் பரப்பி, நாள் கணக்கில் கிளறிக் கிளறிக் காய வைக்க வேண்டும். மழை வந்தால் ராத்திரித் தூக்கம் போச்சு.

இத்தனையும் செய்தவரின் கோப்பி முன்பெல்லாம் என்ன ஆகும்? ஊர்க் கூட்டுறவுக் கடையில் ஊரார் கோப்பியோடு ஒன்றாகக் கொட்டப்படும். நன்றாகச் செய்தவர், சுமாராகச் செய்தவர் எல்லார் மூட்டையும் 'கொலம்பியா' என்ற ஒரே பெயரில் கப்பல் ஏறும். உலகத்துக்குத் தெரிந்த ஒரே கொலம்பிய விவசாயி, தொப்பியும் கோவேறு கழுதையுமாக விளம்பரத்தில் வந்த 'ஹுவான் வால்டெஸ்'. அவர் 1950களின் இறுதியில் விளம்பரக்காரர்கள் உருவாக்கிய கற்பனை மனிதர். முதலில் வேடம் போட்டவர் ஒரு நடிகர். உண்மையான விவசாயிக்குப் பெயரே இல்லை.

இதை மாற்றியதில் 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்ற போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. 1999-ல் பிரேசிலில் தொடங்கி, 2005-ல் கொலம்பியாவுக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் தம் கோப்பியை அனுப்பலாம். நடுவர்கள் முன்னால் இருப்பது எண் ஒட்டிய கிண்ணம் மட்டுமே. இது பெரிய எஸ்டேட்டா, மூன்று எக்டர் குடியானவரா என்று அவர்களுக்குத் தெரியாது. உள்நாட்டு நடுவர்கள் பல சுற்று ருசித்துக் கழிப்பார்கள். மிஞ்சியதை வெளிநாட்டு நடுவர்கள் மறுபடியும் ருசிப்பார்கள். 100-க்கு 80 வந்தாலே 'ஸ்பெஷல்டி' என்று பெயர். இந்தப் பரிசுக்கோ 87-ஆவது வேண்டும். வென்ற கோப்பி இணைய ஏலத்துக்குப் போகும். சந்தை விலையைப் போல் பல மடங்கு கிடைக்கும். அதில் பெரும் பகுதி விவசாயி கைக்கே போகும். வென்றவர் பட்டியலில் உயிலாவின் சிறு தோட்டங்கள் திரும்பத் திரும்ப இடம் பிடித்திருக்கின்றன.

இது நல்ல காரியமா என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் நல்ல காரியம் என்பேன். சாதி, சொத்து, சிபாரிசு எதுவும் பார்க்காமல் செய்த வேலையை மட்டும் பார்த்துத் தரும் பரிசு உலகத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்? ஆக, பரிசில் குறையில்லை. பரிசைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன நினைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எனக்குக் கேள்வி.

18 ரிங்கிட் எங்கே போகிறது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தம்பி எனக்குப் போட்ட கோப்பைக்கு 15 கிராம் வறுத்த கோப்பி. வறுக்கும்போது எடை குறையும் என்பதால் பச்சைக் கொட்டையாக அது 18 கிராம் இருந்திருக்கும். அதற்குப் பழமாக ஏறக்குறைய 100 கிராம், அதாவது இரண்டு கைப்பிடி, பறித்திருக்க வேண்டும்.

சாதாரண கோப்பியின் விலையை நிர்ணயிப்பது நியூயார்க் சந்தை. 2019-ல் அந்த விலை பவுண்டுக்கு 1 டாலருக்கும் கீழே போனது. 1 டாலர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 18 கிராமுக்குச் சந்தை மதிப்பு அன்றைய நம் காசில் 17 சென்கூட வராது. 2025 பிப்ரவரியில் விலை 4 டாலரைத் தாண்டியது. அப்போதும் ஒரு ரிங்கிட் எட்டவில்லை. ஏறியதும் இறங்கியதும் உயிலா விவசாயி நன்றாக உழைத்ததாலோ சோம்பேறியாக இருந்ததாலோ அல்ல. பிரேசிலில் பனி விழுந்தால் ஏறும், அங்கே விளைச்சல் அமோகம் என்றால் இறங்கும்.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. 1962-ல் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. யார் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரித்து விலையை ஓரளவு தாங்கிப் பிடித்தன. 1989 ஜூலையில் அந்தப் பங்கு முறை முறிந்தது. சில மாதங்களில் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. ஆக, விலை என்பது மழை மாதிரி வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதர்கள் செய்த முடிவுகளும் அதில் இருக்கின்றன.

பரிசு வாங்கிய விவசாயிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். போட்டிக்குப் போகும் கோப்பி சில நூறு கிலோவிலிருந்து அதற்குக் கொஞ்சம் கூடுதல்தான் இருக்கும். எக்டருக்கு ஒரு டன் விளைகிறது என்று வைத்துக்கொண்டாலும், மூன்று எக்டர்காரரிடம் மிச்சம் இரண்டு டன்னுக்கு மேல் இருக்கிறது. நல்ல வாடிக்கையாளர் அமையாவிட்டால் அது வழக்கமான விலைக்குத்தான் போகும். ஒரே கை, ஒரே மண், ஒரே வியர்வை. ஒரு மூட்டைக்கு மாலை மரியாதை, அடுத்த மூட்டைக்கு நியூயார்க் விலை.

பரிசுக்கு ஆசைப்படுவதிலும் ஆபத்து உண்டு. 1869-ல் இலங்கையில் முதலில் பதிவான இலைத்துரு நோய், 1983-ல் கொலம்பியாவை எட்டியது. 2008-க்குப் பிறகு மழையோடு சேர்ந்து அது தாக்கியதும், பழைய செடிகளைப் பிடுங்கிப் புதிது நட்டதும் சேர்ந்து, 2007-ல் 1 கோடியே 26 லட்சம் மூட்டையாக இருந்த நாட்டின் விளைச்சல் 2009-ல் 78 லட்சமாக விழுந்தது. நோய் தாங்கும் 'கஸ்தியோ' என்ற வகையை அந்நாட்டு ஆய்வு நிலையம் 2005-லேயே கொடுத்திருந்தது. ஆனால் வாங்குபவர் பலர் அரிய ருசி உள்ள வகைகளையே தேடுகிறார்கள். அவற்றில் பல நோய்க்குச் சீக்கிரம் விழும். ருசி பார்ப்பவருக்கு அது 2 புள்ளி வித்தியாசம். நடுபவருக்கு ஒரு வருடச் சாப்பாடு.

பெயர் இல்லாதவர்கள்

அந்தப் பையில் எல்லாம் எழுதியிருந்தது என்றேன் அல்லவா? இரண்டு விஷயம் எழுதவில்லை. ஒன்று, விவசாயிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது. இன்னொன்று, பழத்தைப் பறித்தது யார் என்பது.

கொலம்பியாவில் அறுவடையைத் தேடி ஊர் ஊராகப் போகும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 'அந்தாரியேகோ', அதாவது நடந்து திரிபவர், என்று அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. இடுப்பில் கூடை, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கைதேர்ந்தவர் உச்ச அறுவடையில் ஒரே நாளில் 100 கிலோகூடப் பறிப்பார். ஆனால் 'நன்றாகச் சிவந்ததை மட்டும் பறி' என்றால் கை மெதுவாகும், எடை குறையும், கூலியும் குறையும். நல்ல விவசாயிகள் இதை உணர்ந்து கிலோவுக்குக் கூடுதலாகவோ நாள் கூலியாகவோ கொடுக்கிறார்கள். கொடுக்காத இடத்தில் என்ன நடக்கிறது? நம் நாக்கின் இனிப்புக்குப் பறிப்பவர் தம் கூலியை இழக்கிறார்.

இது நமக்கு அந்நியமான கதை இல்லை. மலாயாவில் ரப்பர் வருவதற்கு முன்னால் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் நம் முன்னோர் வேலை செய்தார்கள். 1890களின் இறுதியில் பிரேசில் கோப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்தபோதுதான் துரைமார்கள் ரப்பருக்குத் தாவினார்கள். கோப்பி விலை எங்கோ விழுந்ததால் வாழ்க்கை மாறிய கூட்டம்தான் நாமும்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், மத்தியானம் ஸ்டோரில் பாலை நிறுத்து, கிராணி புத்தகத்தில் எழுதும் எடைக்குக் கூலி வாங்கியவர். ஒரு வருடம் தோட்டத்திலேயே சிறந்த தொழிலாளி என்று மேடையில் ஏற்றிச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். சின்ன வயதில் நான் அதைக் காட்டி, "பாட்டி, நீங்க பெரிய ஆளு!" என்றேன்.

"ஆமாய்யா, கைதட்டுனாங்க. கடிகாரம் நல்லாத்தான் ஓடுது. ஆனா அந்த வருசம் கூலி ஒரு காசு கூடலையே. எனக்கும் கூடல, என் பக்கத்து நெரையில வெட்டுன அஞ்சலைக்கும் கூடல. அவளுக்குக் கடிகாரமும் இல்ல."

பாட்டி பரிசை வெறுக்கவில்லை. சாகும்வரை அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். ஆனால் பரிசு வேறு, கூலி வேறு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நான்தான் 18 ரிங்கிட் கோப்பி குடித்துவிட்டு இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.

தகுதியும் தேவையும்

இதை நம் சனிக்கிழமைச் சந்திப்பில் பேசியபோது ஒரு தங்கை நேராகக் கேட்டார்: "அண்ணா, எல்லாருக்கும் ஒரே விலைன்னா எவன் கஷ்டப்பட்டு நல்லாச் செய்வான்? சிவப்புப் பழமா பாத்துப் பறிக்கிறவனும், கண்டதைப் பிடுங்கிப் போடுறவனும் ஒண்ணா?"

நியாயமான கேள்வி. ஒன்றில்லைதான். நன்றாகச் செய்தவருக்குக் கூடுதல் கிடைப்பது தகுதிக்குத் தரும் மரியாதை. அதை எடுத்துவிட்டால் மறுபடியும் எல்லா மூட்டையையும் ஒன்றாகக் கொட்டிய பழைய காலத்துக்குப் போய்விடுவோம். அதுவும் ஓர் அநீதிதான்.

ஆனால் தகுதி என்பதை நாம் கொஞ்சம் அடக்கத்தோடு பேச வேண்டும். 1,750 மீட்டரில் தாத்தா நிலம் வைத்துவிட்டுப் போனவருக்கு வரும் இனிப்பு, 1,200 மீட்டரில் இருப்பவருக்கு எளிதில் வராது. காய வைக்கும் வாரத்தில் மழை பெய்யாமல் இருந்தது யார் சாமர்த்தியம்? அதற்காக வென்றவரின் உழைப்பு பொய் என்று ஆகாது. தோற்றவரின் உழைப்பும் பொய் இல்லை என்பதுதான் விஷயம்.

ஆகவே எனக்குப் படுவது இதுதான். உழைக்கிறவருக்கு இரண்டு விதமான பாக்கி உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, நோய் வந்தால் மருந்து வாங்கி, அடுத்த பருவத்துக்குச் செடி நடும் அளவுக்கு வருமானம் என்பது முதல் பாக்கி. நேர்மையாக உழைத்த யாருக்கும் அது உண்டு. 82 புள்ளிக்காரருக்கும் உண்டு, 78 புள்ளிக்காரருக்கும் உண்டு. அதற்கு மேல், சிறப்பாகச் செய்தவருக்குப் புகழும் கூடுதல் பணமும் இரண்டாவது பாக்கி. முதல் பாக்கியைத் தீர்க்காமல் இரண்டாவதைக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்வதுதான் தவறு. பிழைப்பே பரிசாக மாறிவிட்டால், தோற்றவன் பட்டினி கிடப்பது அவன் குற்றம் என்று ஆகிவிடும்.

ஒரு போட்டி நியாயமானதா என்று பார்க்க, வென்றவர் எவ்வளவு வாங்கினார் என்று மட்டும் பார்க்காதீர்கள். தோற்றவர் வீடு திரும்பி மானத்தோடு வாழ முடிகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு தம்பி கேட்டார்: "நான் கேட்ட காசைக் குடுத்துட்டேன். அதுக்கு மேல எனக்கென்னண்ணே கடமை?" பெயர் தெரியாத கோப்பி என்றால் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கோப்பியில் நான் ருசித்தது கோப்பியை மட்டுமா? அந்த விவசாயியின் பெயர், அவர் ஊர், அவர் மலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ருசித்தேன். அதற்காகத்தான் 18 ரிங்கிட். ஒருவர் கதையை வாங்கி ரசித்தவன், அந்தக் கதையின் மிச்சம் என்ன என்று கேட்கவாவது கடமைப்பட்டவன்.

நம் மேடையிலும்

கொலம்பியா தூரம். நம் கிளை பக்கம். ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வில் 8ஏ, 9ஏ எடுத்த பிள்ளைகளுக்கு மாலை போட்டு, பணம் கொடுத்து, படம் எடுக்கிறோம். வேண்டியதுதான். அவர்கள் உழைத்தவர்கள். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படித்து எல்லாப் பாடத்திலும் தேறிய பையன் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகிறான். பட்டியல் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். பாட்டி இருந்திருந்தால், "அஞ்சலைக்கு என்னய்யா குடுத்தீங்க?" என்று கேட்டிருப்பார்.

பரிசளிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அதே அளவு அக்கறையோடு வாரா வாரம் இலவச டியூஷன், தேர்வுக் கட்டணம், வழிகாட்டல் நடக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். மேடைக்குச் செலவழிப்பதைவிட அதற்குக் குறைவாகச் செலவழிக்கிறோம் என்றால், நாமும் கடிகாரம் கொடுத்துவிட்டுக் கூலியை மறந்தவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. விவசாயிக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்டுச் சொல்லும்படி நம் தம்பியிடம் சொல்லியிருந்தேன். அவர் கோப்பி வறுத்துக் கொடுப்பவர்களுக்கு எழுதிக் கேட்டார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. கப்பலேறும் துறைமுகத்தில் கிலோவுக்கு என்ன விலை என்று சொன்னார்கள். நல்ல விலைதான். அதில் விவசாயி கைக்கு எவ்வளவு என்று விசாரித்துச் சொல்வதாக எழுதியிருந்தார்கள். பறித்தவர் கூலி பற்றித் தங்களிடம் விவரம் இல்லை என்றார்கள்.

"இதுவரைக்கும் யாருமே இதக் கேட்டதில்லையாம் அண்ணே" என்றார் தம்பி.

சரி தம்பி, இனிமேல் நாம் கேட்போம். கோப்பியை நான் நிறுத்தவில்லை. மாதம் ஒரு தடவை போய்க் குடிக்கிறேன், சீனி கேட்பதில்லை. ஆனால் குடித்துவிட்டு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டேன்.